திருப்பு விளி: தமிழ், இந்தி, ஸ்பானிய அன்புச் சொற்களும் மொழிபெயர்ப்பும்

குழந்தையை அன்புடன் அழைக்கத் தமிழில் இருவகைச் சொற்கள் வழங்குகின்றன. கண்ணு, தங்கம், செல்லம், ராசா என அருமை குறிக்கும் பெயர்கள் ஒருவகை. மூத்தோர்க்குரிய உறவுப்பெயரை இளையோர்க்கு வழங்குதல் மற்றொரு வகை. தாய் மகளை 'அம்மா' என்றும், பாட்டி பேரனை 'ஐயா' என்றும் அழைப்பர். திருநெல்வேலி வழக்கில் பின்னது 'எய்யா' என ஒலிக்கும். பெண் குழந்தையைத் 'தாயி' என விளிப்பது தென்மாவட்ட வழக்கு. இவ்வகையைத் 'திருப்பு விளி' எனலாம்.

இவ்வழக்கிற்குப் பெயரிடும் மரபும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 'பேரன்' என்பது 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லாத மருமகள், அப்பெயர் கொண்ட தன் மகனை 'ஐயா' என அழைப்பாள். எனவே இவ்விளியில் அன்புடன் மதிப்பும் கலந்துள்ளது.

மும்பையின் கிழக்குப் புறநகரான விக்ரோலியில் தமிழர், மராத்தியும் இந்தியும் பேசுவோரிடையே வாழ்கின்றனர். முதல்வகைச் சொற்களுக்கு அங்கு இணை தேடுவது எளிது. தங்கத்திற்கு மராத்தியில் 'சோன்யா' உண்டு. ராசாவிற்கு 'ராஜா' உண்டு. திருப்பு விளியோ இவ்வாறு எளிதில் பெயர்வதன்று. இந்தியின் 'பேட்டா' மகனைக் குறிக்கும் சொல்லாயினும் மகளுக்கும் வழங்குகிறது. 'ஐயா', 'அம்மா' இரண்டையும் 'பேட்டா' எனப் பெயர்த்தால் அன்பு எஞ்சும். மதிப்பும் பால் வேறுபாடும் மறையும். தாய்க்குரிய சொல்லையே நேராக இட்டாலோ, மகள் தாயிடம் பேசுவதாகப் படிப்பவர் மயங்க நேரும்.

தொலைவிலுள்ள ஸ்பானிய மொழி இங்கு நெருங்கி வருகிறது. அம்மொழியில் 'மி ரேய்' (என் அரசே), 'தெசோரோ' (செல்வமே), 'மி சியெலோ' (என் வானமே) என்பன முதல்வகையின. கரீபியப் பகுதி ஸ்பானியத்தில் பெற்றோர் சிறுவனைப் 'பாப்பி' என்றும் சிறுமியை 'மாமி' என்றும் அழைப்பர். முறையே அப்பா, அம்மா எனப் பொருள்படும் இவை திருப்பு விளிகளே. ஆகவே தமிழ்த் தாயின் 'அம்மா'வை அவ்வழக்கில் 'மாமி' எனத் தயக்கமின்றிப் பெயர்க்கலாம்.

எதிர்த்திசையில் எச்சரிக்கை தேவை. 'பாப்பி' காதலனையும் கணவனையும் விளிக்கவும் வழங்கும். அவ்விடத்தில் 'அப்பா' எனப் பெயர்ப்பது பெரும்பிழையாகும். தமிழில் காதலர்க்கும் குழந்தைக்கும் பொதுவாக நிற்பவை 'கண்ணே', 'ராசா' போன்ற முதல்வகைச் சொற்களே. ஸ்பானியத் தாய் மகனைப் 'பாப்பி' என்றால் 'ஐயா' பொருந்தும். மனைவி கணவனை அவ்வாறு அழைத்தால் 'ராசா' பொருந்தும்.

அன்புச் சொல்லின் அகராதிப் பொருள் மொழிபெயர்ப்பாளருக்குச் சிறிதளவே உதவும். யார், யாரை, எவ்வுறவில் விளிக்கிறார் என்பதைத் துணிந்த பின்னரே சொல்லைத் தேர்தல் வேண்டும்.