'உன் வீட்டை வரை' என்று சொல்லலாமா? நியூயார்க் ஓவிய வகுப்பும் குடியேறிய குடும்பத்து ஆசிரியர்களும்

ஆங்கிலமே தெரியாத ஒரு பிள்ளை நியூயார்க் அரசுப் பள்ளியில் சேர்கிறது. வரலாறு, அறிவியல் என எந்த வகுப்பிலும் ஒண்ணும் புரியாது. ஓவிய வகுப்பில் மட்டும் மொழி அவ்வளவாகத் தடையில்லை. பென்சிலைக் கொடுத்தால் போதும், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடலாம்.

சுமார் 9 லட்சம் மாணவர்கள் படிக்கும் இந்த நகரத்தின் பள்ளிகளில், ஏறத்தாழ 40 சதவீதம் பேரின் வீட்டு மொழி ஆங்கிலம் அல்ல. 2022-க்குப் பிறகு மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் தஞ்சம் தேடி நகரத்துக்கு வந்தார்கள். அதில் பல்லாயிரம் பேர் பள்ளிப் பிள்ளைகள். ஆனால் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 10 பேரில் 8 பேர் வெள்ளையர்கள். இந்த இடைவெளியில்தான், குடியேறிய குடும்பத்தில் பிறந்து ஓவிய ஆசிரியராகப் பயிற்சி பெறும் இளைஞர்கள் முக்கியமாகிறார்கள்.

இவர்களிடம் அப்படி என்ன வித்தியாசம்?

ஒரு சாதாரணப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம்: 'உன் வீட்டை வரை.' கேட்க எளிமைதான். ஆனா எந்த வீடு? ஊரில் விட்டுவந்த வீடா, இப்போது தங்கியிருக்கும் முகாம் அறையா, சித்தப்பா வீட்டுக் கூடமா? 'குடும்ப மரம்' வரையச் சொன்னாலும் இதே சிக்கல்தான். யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்று வீட்டில் எச்சரிக்கப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? காகிதத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கும். அதைப் பார்த்து 'ஆர்வமில்லை' என்று டீச்சர் குறித்துவைக்கக்கூடும்.

சின்ன வயதில் தானே அந்தக் காலிக் காகிதத்தைக் கொடுத்தவர் ஆசிரியராக வந்தால், கேள்வியையே மாற்றிக் கேட்பார். 'நீ நன்றாக அறிந்த ஒரு இடத்தை வரை.' எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது பிள்ளையின் கையில்.

வீட்டில் இருப்பதும் கலைதான்

1990-களின் தொடக்கத்தில் லூயிஸ் மோல் என்ற கல்வியாளரும் அவரது குழுவினரும் அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு வேலை செய்தார்கள். ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். விவசாயம், கட்டட வேலை, வைத்தியம் என்று அந்த வீடுகளில் குவிந்திருந்த அறிவை பாடத்துக்குள் கொண்டுவருவதே திட்டம். 'ஃபண்ட்ஸ் ஆஃப் நாலெட்ஜ்' என்று இதற்குப் பெயர். தையல், பின்னல், பாத்திரத்தில் தீட்டும் பூ எல்லாம் ஓவிய வகுப்பில் இந்த வகையில் சேரும். நம் வாசலில் போடும் கோலத்தை 'ஆர்ட்' என்று எந்த டிராயிங் மாஸ்டராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இதில் ஒரு பொறியும் உண்டு. சீனக் குடும்பத்துப் பயிற்சி ஆசிரியர் என்றால் புத்தாண்டு டிராகன், மெக்சிகோ என்றால் காகித மண்டை ஓடு. பள்ளி அவரிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். அவருக்கு அரூப ஓவியம் பிடிக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. இதைப் பாராட்டு என்று சொல்வது கஷ்டம்.

அரூப ஓவியம் என்றதும் நினைவுக்கு வருபவர் மார்க் ரோத்கோ. அன்றைய ரஷ்யப் பேரரசிலிருந்து (இன்றைய லாத்வியா) 1913-ல் அமெரிக்கா வந்த யூதச் சிறுவன். உலகப் புகழ் பெறுவதற்கு முன், 1929 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் புரூக்ளினில் ஒரு யூதப் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தவர். 1933-ல் போர்ட்லாண்ட் அருங்காட்சியகத்தில் தன் படங்களோடு மாணவர்களின் படங்களையும் சேர்த்தே மாட்டினார்.

'சோறு போடுமா?'

டிராயிங் வரைஞ்சா சோறு போடுமா என்ற கேள்வி நம்மூர் வீடுகளுக்கு மட்டும் சொந்தமல்ல. கடல் தாண்டி வந்து ஹோட்டலிலும் டாக்ஸியிலும் உழைத்த பெற்றோருக்கு, பிள்ளை கலை படிப்பது பயமாகத்தான் இருக்கும். 'ஆசிரியர் வேலை, சம்பளம், பென்ஷன்' என்று சொல்லித்தான் பலர் சமாதானம் செய்யவேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கு முன் பள்ளியில் பயிற்சிக் காலம் இருக்கிறது. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. வீட்டு வாடகையில் பங்கு கொடுப்பவருக்கு இது பெரிய அடி.

வேலையும் நிச்சயமில்லை. 1970-களின் நிதி நெருக்கடியில் நியூயார்க் முதலில் கைவைத்தவர்களில் கலை ஆசிரியர்களும் உண்டு. 2014-ல் நகரத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, 28 சதவீதப் பள்ளிகளில் தகுதிச் சான்று பெற்ற முழுநேரக் கலை ஆசிரியரே இல்லை. இப்படிப்பட்ட பள்ளிகள் அதிகம் இருந்த இடங்கள் தெற்கு பிராங்க்ஸும் மத்திய புரூக்ளினும். ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதிகள்.

சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

சின்ன வயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டு, 'டாக்கா' திட்டத்தில் பாதுகாப்பு பெற்றவர்களும் ஆசிரியர் சான்றிதழ் பெறலாம் என்று நியூயார்க் மாநிலம் 2016-ல் விதியை மாற்றியது. ஆனால் டாக்காவில் சேர, 2007 ஜூன் 15 முதல் அமெரிக்காவிலேயே வசித்திருக்க வேண்டும். ஆவணமில்லாமல் இப்போது ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து ஓவியம் வரையும் பிள்ளை அந்தத் தேதியில் பிறந்திருக்கவே இல்லை.