மருந்தும் உணவும் இணைந்தால் காசநோய் தீரும்

சென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கிய தொழிலாளி, உடல் நலிந்து சொந்த ஊர் திரும்புவதுண்டு. அங்குத் துவங்கிய சிகிச்சை ஊரிலே தடையின்றி நிறைவேற வேண்டும். அதற்கு மருத்துவர் ஒருவர் மட்டும் போதார்.

கிருமியைக் கொல்வது மருந்தே. சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் அதை உண்ண வேண்டும். மருந்தை ஒழுங்காக உண்டால் ஏழை நோயாளியும் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1959-ல் நிலைநாட்டியது. ஆயினும், மெலிந்த உடலுக்கு உணவும் இன்றியமையாதது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் நோயாளிகளுக்கு அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் வழங்கப்பட்டன. முதலிரு மாதங்களில் எடை 5 சதவிகிதம் கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாக நோய் காண்பதும் 39 சதவிகிதம் குறைந்தது.

ஆகவே, இது பலர் கூடிச் செய்யவேண்டிய பணி. நோயாளியின் எடை, உயரம், மூச்சு ஆகியவற்றை அளந்து, மிக நலிந்தவரை மருத்துவமனையில் சேர்ப்பது சுகாதாரப் பணியாளர் கடமை. 2022-ல் துவங்கிய தமிழகத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இம்முறையைக் கொண்டது. மருத்துவர் மருந்தை வகுக்க, உணவியல் வல்லுநர் சர்க்கரை நோய் போன்றவற்றையும் கருதி உணவை வகுக்கிறார். இருவர் சொல்லும் முரண்படாதிருத்தல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. சத்துணவுக்கென மாதந்தோறும் அரசு அளிக்கும் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேருகிறதா என விசாரியுங்கள். உழவர்கள் தம் விளைவிலிருந்து பயறும் நிலக்கடலையும் முட்டையும் ஈயலாம். நோயாளியை ஊர் ஒதுக்காதிருப்பதே முதல் உதவி.