சாணை இயந்திரத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

கூரிய கருவி உழவனின் உழைப்பில் பாதியைக் குறைக்கும் என்பதை நாம் யாவரும் அறிவோம். மழுங்கிய மண்வெட்டியால் நேரமும் கூலியும் வீணாகின்றன. மழுங்கிய அரிவாளோ வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது. முன்பு கொல்லரின் பட்டறையிலும், தெருவில் வரும் சாணைக்காரரிடமும் நடைபெற்று வந்த கூர் தீட்டும் வேலையை, இன்று மின்சாரச் சாணை இயந்திரம் சில நிமிடங்களில் முடித்துத் தருகிறது. அதன் வேகமே அதன் நன்மை. அபாயமும் அவ்வேகத்திலேயே இருக்கிறது.

150 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குல விட்டமுள்ள கல் பொருத்திய இயந்திரம் பொதுவாக நிமிடத்திற்கு ஏறக்குறைய 2,850 முறை சுழல்கிறது. கணக்கிட்டுப் பார்ப்பின், கல்லின் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விரிசல் கண்ட கல் உடைந்தால் அதன் துண்டுகளும் அதே வேகத்தில் பாயும். கல் உடையாவிடினும், இரும்புத் துகள்கள் இடைவிடாது தெறித்துக்கொண்டிருக்கும். ஆகவே நாம் முதலில் காக்க வேண்டியது கண்ணை.

கல்லைச் சோதித்தல்

மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். புதுக் கல்லையும் அவ்வாறே சோதித்தல் வேண்டும். உலர்ந்த கல்லின் நடுத்துளையில் விரலை நுழைத்துத் தூக்கி, மரப்பிடியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால், நல்ல கல் கணீரென ஒலிக்கும். ஒலி மந்தமாக இருப்பின் அக்கல்லை மாட்டலாகாது. கல்லின்மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம், இயந்திரத்தின் வேகத்திற்குக் குறையாதிருத்தலும் அவசியம். மாட்டும்முன் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கல்லின் இருபுறமும் உள்ள காகித வட்டங்களை அகற்றலாகாது; அவை மறையின் இறுக்கத்தைச் சீராகப் பரப்பிக் கல்லைக் காக்கின்றன.

கருவியைச் சார்த்திப் பிடிக்கும் தட்டிற்கும் கல்லிற்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருத்தல் கூடாது. இடைவெளி மிகுந்தால் கருவியின் முனை அதனுள் இழுக்கப்பட்டுக் கல் உடையும், விரலும் சிக்கும். கல் தேயத் தேயத் தட்டை நெருக்கி வைத்தல் வேண்டும். இதனைக் கல் முற்றிலும் நின்ற பின்னரே செய்யலாம்.

இயக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. இரும்புக் காப்பு மூடி இல்லாத இயந்திரத்தை இயக்குதல் கூடாது. மூன்று முள் செருகியும் நில இணைப்பும் சரியாக இருக்க வேண்டும்.

2. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கல்லருகே செல்லலாகாது. வெயிலுக்கு அணியும் கண்ணாடி போதாது. பக்கங்களிலும் மறைப்பு உள்ளதாக இருத்தல் நலம்.

3. தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல், வளையல் ஆகியவை ஆகா. துணிக் கையுறையும் ஆகாது. கல் அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

4. இயக்கியதும் ஒரு நிமிடம் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும். பழுதுள்ள கல் பெரும்பாலும் அந்நேரத்திலேயே உடையக்கூடும்.

5. கல்லின் முகப்பில் மட்டுமே தீட்ட வேண்டும்; பக்கவாட்டில் அழுத்தினால் கல் வலுவிழக்கும். அலுமினியம், பித்தளை, மரம் ஆகியவற்றைத் தேய்த்தால் கல்லின் துளைகள் அடைபடும்.

6. தீப்பொறி பறக்கும் திசையில் வைக்கோல், டீசல், சாக்கு முதலியன இருத்தல் கூடாது.

கருவியின் உறுதியைக் காத்தல்

கொல்லர் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய உறுதியே வெட்டுவாயின் உயிர். சாணைக் கல்லில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு விரைவில் சூடேறும். நிறம் நீலமாக மாறினால் வெப்பம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசை எட்டிவிட்டது என்று பொருள். அவ்விடம் மென்மையாகி, தீட்டிய மறுநாளே மழுங்கும். ஆகவே அருகில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, இலேசாகத் தீட்டுவதும் தோய்ப்பதுமாக மாறி மாறிச் செய்ய வேண்டும். பல் வெட்டிய கருக்கரிவாளை இக்கல்லில் வைக்கலாகாது, பற்கள் அழிந்துபோகும். அதைக் கொல்லரிடம் கொடுத்துப் பல் வெட்டிக்கொள்வதே முறை.

கண்ணில் துகள் விழுந்தால்

இரும்புத் துகள் கண்ணில் பட்டால் கசக்குவதும், துணி முனையாலோ ஊசியாலோ எடுக்க முயல்வதும் பெருந்தீங்கு. கருவிழியில் பதிந்த துகள் துருவேறிக் கண்ணைக் கெடுக்கும். வலி தணிந்துவிட்டது என்று வாளாவிருத்தலும் தவறு. கண்ணை அழுத்தாமல் மூடி, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு

ஊர்ப் பொதுவில் சாணை இயந்திரம் உள்ள இடங்களில், பழகிய ஒருவரைப் பொறுப்பாளராக நியமித்து, கண்ணாடியைச் சங்கிலியால் இயந்திரத்துடனேயே பிணைத்து வைக்கச் செய்யலாம். சிறுவர்கள் நெருங்காதபடி மின்விசையைப் பூட்டுள்ள பெட்டிக்குள் அமைக்கலாம். கண்ணாடியின் விலை மிகச் சொற்பம். இழந்த பார்வைக்கோ விலையே இல்லை. இச்சிறு ஏற்பாடுகளைச் செய்துவிட்டு இயந்திரத்தை உபயோகித்தால், கருவியும் கூர்மை பெறும். அதைப் பிடிக்கும் கரமும் காக்கப்படும்.