வீட்டுப் பட்டறையும் அழுத்திய காற்றும்

கொல்லன் துருத்தி ஊதி உலைக்கு உயிர் கொடுத்த காலந்தொட்டுக் காற்றைக் கொண்டு தொழில் செய்தல் நம் நாட்டார் அறிந்ததே. இன்று கடலூரினின்றும் சிதம்பரம் நோக்கிச் செல்வோர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் முதலிய ஊர்களைக் கடக்குங்கால், பஞ்சர் கடைகளின் முன்னே தடதடவென்று இயங்கும் காற்றழுத்தியைக் காண்பர். முன்னர்ப் பட்டறைகட்கே உரியதாயிருந்த இவ்வியந்திரம் இப்பொழுது இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்டது. தம் மோட்டார் வண்டியைத் தாமே பழுதுபார்க்க விழையும் அன்பர் சிலர், "எத்தனை குதிரைச் சக்தியுள்ள கம்பிரஸர் வாங்கலாம்?" என்று நம்மை வினவுவதுண்டு. அவ்வினாவே திருத்தம் வேண்டுவது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே வினவி, 1 குதிரைச் சக்தியும் 50 லிட்டர் கலமும் உடைய காற்றழுத்தி ஒன்றை வாங்கினோம். சக்கரங்களுக்குக் காற்றடித்தோம், தூசி போக்கினோம், குறையொன்றும் தோன்றவில்லை. பின்னர்ப் பழைய வண்டியின் முன்மூடியைத் தேய்த்து வர்ணம் பூச முற்பட்டபொழுதுதான் நமது அறியாமை வெளிப்பட்டது.

காரணம் யாதெனில், கருவிக்கு வேண்டுவது அழுத்தம் மாத்திரமன்று. இடைவிடாது வரும் காற்றின் அளவுமாம். 1662ஆம் ஆண்டில் ராபர்ட் பாயில் என்னும் அறிஞர் வெளியிட்ட விதி இதனைக் கணக்கிட உதவும். வெப்பம் மாறாதிருக்குமாயின், காற்றின் அழுத்தம் எத்தனை மடங்கு மிகுகின்றதோ அத்தனை மடங்கு அதன் பருமன் குறையும் என்பது அவ்விதி. 1 பார் என்பது ஏறத்தாழ நம் கடற்கரையில் இயல்பாக உள்ள காற்றழுத்தம். 50 லிட்டர் கலம் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குமளவில், அது வெளிவிடும் காற்று 100 லிட்டரே. காற்றுக் கருவிகள் பலவும் 6 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 90 பவுண்டு அழுத்தத்தில் இயங்குவன.

தேய்ப்புக் கருவியோ நிமிஷத்துக்கு 10 கன அடி, அஃதாவது 280 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை உண்ணும். நம் சிறு இயந்திரம் அளிப்பது 3 கன அடியே. ஆகவே அரை நிமிஷத்தில் கலத்தின் வலி குன்றும். மீண்டும் நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். அரை நிமிஷம் வேலை, ஒரு நிமிஷம் காத்திருத்தல் என்னும் இந்நிலையில் மோட்டார் ஓய்வின்றிச் சூடேறியதே நாம் கண்ட பலன்.

சக்கர நட்டுகளைக் கழற்றும் காற்று ரெஞ்சு இதற்கு மாறானது. அதற்கு 4 அல்லது 5 கன அடி போதுமெனக் குறிப்புகளிற் காணப்படுவது, இடையிடையே ஓய்வு கொள்வதாக வைத்துக் கணித்த சராசரி. சுழலும் சில விநாடிகளில் அது பன்மடங்கு காற்றை விழுங்கும். ஆயினும் ஒரு நட்டினின்று மற்றொன்றுக்கும், ஒரு சக்கரத்தினின்று மற்றொன்றுக்கும் செல்லும் இடைவேளையில் கலம் நிரம்பிவிடுமாதலின், சிறு இயந்திரமும் அதற்கு ஒருவாறு ஈடுகொடுக்கும்.

ஆதலின் முதலில் கருவியைத் தேர்க. பின்னரே காற்றழுத்தியைத் தேர்க. காற்றடித்தல், தூசி போக்கல், நட்டுக் கழற்றல் ஆகியவற்றுக்கு 2 குதிரைச் சக்தியும் 50 முதல் 100 லிட்டர் வரையுள்ள கலமும் அமையும். தேய்த்தலும் வர்ணம் பூசுதலும் வேண்டுவோர்க்கு 3 குதிரைச் சக்திக்குக் குறைந்தது உதவாது; வீட்டு மின்கம்பிகள் அதனைத் தாங்குமா என்பதையும் மின்பணியாளரிடம் கேட்டறிதல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை நிகழும் அப்பணியைப் பட்டறைக்கே விடுதல் சிக்கனமாம். விற்போர் கூறும் கன அடி, உருளை உள்ளிழுக்கும் அளவா, வெளியே தரும் அளவா என்று கேட்கவும் மறவற்க. பின்னதே நமக்குப் பயன்படுவது; அது முன்னதினும் எப்பொழுதும் குறைவு.

நிற்க. நம் கடற்கரைக்கே உரிய இடர் ஒன்று உண்டு, அது நீர். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரம் மிக்க நாளில் கடலூர்க் காற்றில் 24 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அதனை ஒன்பதில் ஒரு பங்காக அழுத்திக் குளிரவிட்டால், மூன்றரை கிராமே ஆவியாய் நிற்கும். எஞ்சிய 20 கிராம் நீராய்க் கலத்தினடியில் தங்கும். நம் சிறு இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் 100 மில்லிலிட்டர் நீர் சேரும். ஐப்பசி மழையில் நாம் பூசிய வர்ணம் கொப்புளித்தது இதனாலேயே. நீர்பிரிக்கும் கிண்ணத்தைக் குழாயில் இணைத்தலும், கருவிக்கு நாடோறும் சில துளி எண்ணெய் இடுதலும் இன்றியமையாதன.

வர்ணம் கெடுதல் சிறு நஷ்டம்; உயிருக்கு ஊறு விளைதலே பெரிது. தங்கிய நீர் கலத்தை உள்ளிருந்து அரிக்கும். புறத்தே உப்பங்காற்றும் அரிக்கும். மெலிந்த கலம் ஒருநாள் வெடிக்கலாம். எனவே வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுக. துருப்பிடித்த கலத்தைப் பற்றவைத்து ஒட்டாது, அடியோடு நீக்குக. காப்பு வால்வை ஒருபோதும் கட்டி வைக்கற்க. தண்ணீருக்குரிய பி.வி.சி. குழாயில் காற்றைச் செலுத்தினால் அது சிதறிப் பாயும். காற்று ரெஞ்சுக்கு அடி தாங்கும் கருநிற சாக்கெட்டுகளே தக்கவை, பளபளப்பானவை உடையக்கூடும். நட்டைக் கழற்றக் காற்றை நாடுக; இறுதியாக இறுக்குதற்கு அளவுகாட்டும் கைச்சாவியே ஏற்றது. காற்றை உடலின்மேற் பாய்ச்சி விளையாடுதல் கூடவே கூடாது. கண்ணாடி அணியாது வேலை தொடங்கற்க.

சக்கரம் மாற்றுதல் ஒன்றே குறிக்கோளாயின், இக்காலத்து மின்கல ரெஞ்சு ஒன்றே போதும். பழைய கைச்சாவியும் போதும். பெரிய இயந்திரம் வாங்குதல் பெருமையன்று. வேலையின் அளவறிந்து கருவி கொள்ளுதலே அறிவுடைமை. அவ்வறிவுக்கு நாம் கொடுத்த விலையை இதனைப் படிக்கும் அன்பர்களும் கொடுக்க வேண்டுவதில்லை.