கடம்பாறை நீரேற்று புனல் மின்நிலையம்

கடம்பாறை நீரேற்று புனல் மின்நிலையம் என்பது தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்தில், ஆனைமலைத் தொடரில் அமைந்துள்ள ஒரு மின்னுற்பத்தி நிலையமாகும். இவ்வகையில் தமிழ்நாட்டில் அமைக்கப்பட்ட முதல் நிலையம் இதுவே. தலா 100 மெகாவாட் திறன் கொண்ட நான்கு பொறிகள் இங்கு உள்ளன. தமிழ்நாடு மின்சார வாரியம் கட்டிய இந்நிலையத்தின் பொறிகள் 1987 முதல் 1989 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கின.

அமைப்பு

இந்நிலையம் இரு நீர்த்தேக்கங்களை இணைக்கிறது. மேலே இருப்பது கடம்பாறை நீர்த்தேக்கம். கீழே இருப்பது மேல் ஆழியாறு நீர்த்தேக்கம். பொறிகள் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட நிலத்தடி மண்டபத்தில் உள்ளன. நீரேற்றும் பொறி கீழ் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருத்தல் வேண்டும். இல்லையேல், உறிஞ்சப்படும் நீரில் ஆவிக்குமிழ்கள் தோன்றிச் சுழலியின் அலகுகளை அரித்துவிடும்.

செயற்பாடு

மின்தேவை மிகும்போது மேலிருந்து இறங்கும் நீர் சுழலியைச் சுழற்ற, அதனுடன் இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது. தேவை குறையும்போது அதே பொறி எதிர்த்திசையில் சுழல்கிறது. அப்போது மின்னாக்கி மின்னோடியாகவும், சுழலி எக்கியாகவும் மாறி நீரை மீண்டும் மேலேற்றுகின்றன.

ஆற்றல் கணக்கு

ஆயிரம் லிட்டர் நீர் 367 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1 அலகு (1 கிலோவாட் மணி) ஆகும். உராய்வு முதலிய இழப்புகளால் இது முழுவதும் மின்சாரமாக மாறுவதில்லை. நீரை ஏற்றும்போதும் இழப்பு உண்டு. ஆகவே இத்தகைய நிலையங்களில் 100 அலகு செலவிட்டு ஏற்றிய நீரிலிருந்து பொதுவாக 70 முதல் 80 அலகுகளே திரும்பக் கிடைக்கும்.

பயன்

இழப்பு இருந்தும் இதனை இயக்குவது ஏன் என்னும் வினா எழலாம். மின்சாரத்தின் மதிப்பு எல்லா நேரத்திலும் ஒன்றன்று. அனல்மின் நிலையத்தின் கொதிகலனை நள்ளிரவில் அணைத்துவிட்டு மாலையில் உடனே மூட்டிவிட இயலாது. மீண்டும் சூடேறப் பல மணி நேரம் ஆகும். புனல்மின் பொறியோ சில நிமிடங்களில் முழுத் திறனை எட்டும். நான்கு பொறிகளும் முழுத் திறனில் ஒரு மணி நேரம் இயங்கினால் 4 இலட்சம் அலகுகள் கிடைக்கும்.

தொடக்கத்தில் இரவில் மிஞ்சும் அனல்மின்சாரத்தைச் சேமிப்பதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது. இன்று சூரிய மின்சாரம் நண்பகலில் மிகுந்து, தேவை உயரும் மாலையில் மறைகிறது; காற்றாலை மின்சாரமும் காற்றைப் பொறுத்தே கிடைக்கிறது. அவ்வாறு மிஞ்சுவதைச் சேமிக்க இடமில்லையெனில் காற்றாலைகளையும் சூரிய மின்நிலையங்களையும் நிறுத்திவைக்க நேரிடும். அப்போது இழப்பது நூற்றுக்கு இருபதோ முப்பதோ அன்று, நூறும்தான்.