ஒன்றுபோல் தோன்றுபவை ஒன்றல்ல

பழைய யூனிக்ஸ் கணினி ஒன்றுக்கு மீண்டும் உயிரூட்ட முனைவோர் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இதே வரிசையைச் சேர்ந்த வேறொரு கணினியின் மென்பொருள் இதில் இயங்குமா?" என்பதாகும். இயங்கும், இயங்காது ஆகிய இரண்டுமே இதற்குச் சரியான விடைகள் என்பதே என் அனுபவம்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சன் 3/60, சன் 3/80 ஆகிய கணினிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 1980-களின் பிற்பகுதியில் வெளிவந்தவை; இரண்டும் சன்ஓஎஸ் இயங்குதளத்தில் செயல்பட்டவை. முன்னதில் மோட்டோரோலா 68020 செயலி; பின்னதில் அதன் வழித்தோன்றலான 68030. எனினும், 3/60-இன் வட்டை அப்படியே 3/80-இல் பொருத்தினால் கணினி தொடங்காது.

காரணம், நினைவகத்தை நிரல்களுக்குப் பங்கிட்டுக் காக்கும் பொறுப்பில் இருக்கிறது. 3/60-இல் அப்பணியைச் செய்வது சன் நிறுவனம் தானே வடிவமைத்த தனிச் சுற்று. 3/80-இல் அது செயலிக்குள்ளேயே அடங்கிவிட்டது. வன்பொருளோடு நேரடியாக உறவாடும் கெர்னலுக்கு இவை இரு வேறு உலகங்கள். எனவேதான் சன்3, சன்3எக்ஸ் என இரு கெர்னல்கள் தேவைப்பட்டன.

ஆனால், 3/60-க்காகத் தொகுக்கப்பட்ட சாதாரணப் பயன்பாட்டு நிரல், மறுதொகுப்பின்றி 3/80-இலும் இயங்கும். அது வன்பொருளைத் தீண்டுவதில்லை. வேண்டியதைக் கெர்னலிடம் கேட்டுப் பெறுகிறது. கெர்னலின் உள் அட்டவணைகளைப் படிக்கும் 'பிஎஸ்' போன்ற கட்டளைகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றைச் சன் நிறுவனம் தனி அடைவில் பிரித்து வைத்தது. அதனால் ஒரே வழங்கி, வட்டில்லாத இருவகைக் கணினிகளுக்கும் பொதுவான நிரல்களைப் பகிர்ந்தளிக்க முடிந்தது.

ஆகவே, "பொருந்துமா?" என்பதைவிட, "எந்த அடுக்கில் பொருந்தும்?" என்பதே பொருத்தமான கேள்வி.

இது பொழுதுபோக்காளர்களின் கவலை மட்டுமன்று. அக்காலத்து ஆய்வு முடிவுகளையும் வரைபடங்களையும் அவற்றை உருவாக்கிய மென்பொருளிலேயே திறந்து பார்க்க வேண்டிய தேவை எழலாம். இவ்வரிசைக்கான சன்ஓஎஸ் 4.1.1-உடன் நின்றுவிட்டது, புதிய பதிப்பு இனி வரப்போவதில்லை. இயந்திரத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டு, அதற்குரிய நிறுவல் நாடாக்களையும் கையேடுகளையும் கழித்துவிடுவது, பூட்டைப் போற்றிச் சாவியை எறிவதற்கு ஒப்பாகும். பழங்கணினியைப் பாதுகாப்போர், அதன் மாதிரி எண்ணோடு கெர்னலின் வகையையும் குறித்துவைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.