‘அடுத்த பக்கம்’ விழுங்கிய அறிவிப்பு

உங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு ஓர் இணையத்தளம் உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 53 அறிவிப்புகள். புதியது மேலே, பக்கத்துக்குப் பத்து. 53ஐப் பத்தால் வகுத்தால் 5.3. மிச்சமுள்ள மூன்றுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்பதால் ஆறு பக்கங்கள். முதல் பக்கத்தில் ‘முந்தைய பக்கம்’ என்ற இணைப்பு வேண்டாம். ஆறாம் பக்கத்தில் ‘அடுத்த பக்கம்’ வேண்டாம். இதுவரை சுலபம்.

புதிதாக நிரல் எழுதுவோர் பெரும்பாலும் இப்படிச் செய்வார்கள்: மூன்றாம் பக்கமா? மேலிருந்து 20 அறிவிப்புகளைத் தாண்டு, அடுத்த பத்தைக் காட்டு. பட்டியல் மாறாதவரை இதில் குறையே இல்லை.

ஆனால் பட்டியல் மாறுமே! அறிவிப்புகளுக்கு 1 முதல் 53 வரை எண் கொடுத்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் 53 முதல் 44 வரை ஒரு மாணவி படிக்கிறாள். அந்த நேரம் பார்த்து ஆசிரியர் 48ஆம் அறிவிப்பை நீக்கிவிடுகிறார். கீழே இருந்தவை எல்லாம் ஓரிடம் மேலேறுகின்றன. 43 முதல் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அவள் ‘அடுத்த பக்கம்’ அழுத்தினால் முதலில் வருவது 42! கட்டுரைப் போட்டியின் இறுதி நாள் 43இல் இருந்திருந்தால்? திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது; தவறவிட்டதே அவளுக்குத் தெரியாது. புதிய அறிவிப்பு ஒன்று சேர்ந்திருந்தால் 44 இரண்டாம் முறை வந்திருக்கும். அது எரிச்சல், அவ்வளவுதான்.

பழைய அச்சுப் புத்தகங்களில் பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை அச்சிடும் வழக்கம் இருந்தது. தாள்களை அடுக்குபவர் அந்தச் சொல்லைப் பார்த்துச் சரியான வரிசையில் சேர்ப்பார். இணைப்பிலும் அதே உத்தியைக் கையாளலாம். “பத்தைத் தாண்டு” என்பதற்குப் பதிலாக, “44ஐவிடச் சிறிய எண்களில் பெரிய பத்தைக் கொடு” என்று கேளுங்கள். 48 இருந்தாலும் போனாலும் 43 தவறாமல் வரும்.

‘முந்தைய பக்கம்’தான் பலரைக் கவிழ்க்கும். 33 முதல் 24 வரை உள்ள பக்கத்தில் இருக்கிறீர்கள். “33ஐவிடப் பெரியவற்றில் புதிய பத்து” என்று கேட்டால், நேராக முதல் பக்கத்துக்கே போய்விடுவீர்கள். பெரியவற்றில் மிகச் சிறிய பத்தைக் கேட்க வேண்டும்: 34 முதல் 43 வரை. பிறகு அவற்றைத் தலைகீழாக அடுக்க வேண்டும்.

இம்முறையில் நான்காம் பக்கத்துக்கு நேரே தாவ முடியாது என்பது ஒரு குறை. அறிவிப்புப் பலகைக்கு அது பெரிய நட்டமில்லை என்பேன். எழுதி முடித்ததும், முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நண்பரை ஓர் அறிவிப்பை நீக்கச் சொல்லுங்கள். பிறகு ‘அடுத்த பக்கம்’ அழுத்திப் பாருங்கள்.